சுருதியக்காவின் இடது காது

பியானோ மென்மையான வாத்தியம் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் சிரிப்பு வரும், அப்புறம் கோபம் வரும். எனக்கு எதற்குமே அப்புறம் கோபம்தான் வரும், அது பிறவிக் குணம். பதினெட்டு வருடம் பியானோ தூக்கிய தோள் இது. மாடிப்படியில் ஒருமுறை அது கைநழுவி, கீழ்ப்படியில் நின்ற ஆளின் பாதத்தைக் கூழாக்கியதை நேரில் பார்த்திருக்கிறேன். மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். இருநூறுக்கு மேல் எஃகுக் கம்பிகள், ஒவ்வொன்றும் இரும்புச் சட்டத்தைப் பிய்த்துக்கொண்டு வரப் பார்க்கும். எல்லா இழுப்பையும் கூட்டினால் இரண்டு லாரிப் பாரம் தேறும். அதில் ஒன்று அறுந்தால் கண்ணா காதா என்று பார்த்து வராது. என் அக்காவின் வலது புருவம் நடுவில் இரண்டாகப் பிளந்திருக்கும், அது கம்பி போட்ட கோடு.

அக்காவுக்குத் தொழில் அந்தக் கம்பிகளைச் சுருதி சேர்ப்பது. ஊரில் பியானோ இருக்கிற வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் அவளைச் சுருதியக்கா என்றுதான் சொல்வார்கள். வேலை என்னவென்றால், விரலால் வாசிக்கிற ஒரு கட்டையைத் தட்டினால் உள்ளே பெரும்பாலும் மூன்று கம்பிகள் சேர்ந்து ஒலிக்கும். மூன்றும் ஒன்றாக நிற்கவேண்டும். ஒரு கம்பி மயிரிழை விலகினாலும் ஒலிக்குள் ஓர் அலை எழும், 'வவ்... வவ்...' என்று. அக்கா கம்பி சுற்றிய ஆணியில் திருகுசாவியை மாட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு திருகு திருகுவாள். அலை மெதுவாகும், இன்னும் மெதுவாகும், நின்றுவிடும். நின்றதும் அந்தக் கட்டையை ஓங்கி நாலு அடி அடிப்பாள். சுவர்க்கடிகாரம் அதிரும்.

"எதுக்குக்கா இந்த அடி? பாவம்க்கா அது" என்று ஒருநாள் கேட்டேன்.

"அடிச்சு உட்கார வைக்கணும்டா. நான் மெதுவாத் தட்டி வச்சுட்டுப் போனா, நாளைக்கு வாசிக்கிறவன் ஓங்கி ஒண்ணு வச்சதும் கம்பி நழுவிடும். இன்னைக்கே என் அடியைத் தாங்கிட்டா அப்புறம் யார் அடிச்சாலும் அசையாது."

அவள் வீட்டுக்காரர், அதாவது என் மாமா, இந்தப் பாடத்தை மனைவியிடம் போட்டுப் பார்த்தவர். மாமாவுக்குச் சொந்தமாகப் பட்டறை. பழைய பியானோக்களை வாங்கி, மரத்தை இழைத்து, மெருகு ஏற்றி, முகம் பார்க்கிற மாதிரி ஆக்கிவிடுவார். மரவேலையில் அவரை அடிக்க ஆள் இல்லை, பொய் சொல்லக் கூடாது. ஆனால் காது? கழுதை கத்துவதற்கும் கம்பி ஒலிப்பதற்கும் வித்தியாசம் தெரியாத காது. பியானோ அவர் கையால் அழகாகும், அக்கா கையால் பேசும். வாங்கினவர்கள் எல்லாம் போன் பண்ணி, "சார், நீங்க வேண்டாம், அம்மாவை அனுப்புங்க" என்பார்கள். அந்த 'நீங்க வேண்டாம்' அவருக்கு உள்ளே போய் ஆறாமல் கிடந்தது. அதை எடுத்து வெளியே வைக்க அவருக்குத் தெரிந்த ஒரே இடம் அக்காவின் உடம்பு.

நான் அதே பட்டறையில் சுமைக்காரன். தெருவில் எவனாவது முறைத்தால் இரண்டு பல்லை எடுக்காமல் வரமாட்டேன். இரண்டு தடவை காவல் நிலையம் போய் வந்தவன். ஆனால் மாமாவிடம் மட்டும் வாய் திறக்கமாட்டேன். அவர் போட்ட சோற்றைத் தின்கிறேன், அவர் கொடுத்த அறையில் படுக்கிறேன். தெருவில் புலி, பட்டறையில் பூனை. மாமாவின் அக்கா வேறு, "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று வந்தபோதெல்லாம் ஓதிவிட்டுப் போவாள். அந்தக் கை அணைத்ததை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஒரு மதியம். முந்தின நாள் மாமா தானே போய்ச் சுருதி சேர்த்துவிட்டு வந்த வீட்டிலிருந்து போன் வந்தது. இருந்ததையும் கெடுத்துவிட்டார், அம்மா வந்து சரிசெய்யட்டும் என்றார்கள். அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மாமா போனை வைத்துவிட்டு நேரே வந்தார். உள்ளங்கையை விரித்து அவளுடைய இடது காதைப் பொத்தினாற்போல ஓர் அறை. காகிதப் பையை ஊதி உடைத்த மாதிரி சத்தம். அக்கா நாற்காலியோடு சரிந்து விழுந்தாள். தட்டு உருண்டுபோய் என் காலடியில் நின்றது. நான் மூன்று எட்டுத் தள்ளி உட்கார்ந்து, பியானோ தூக்குகிற பட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். நான் என்ன செய்தேன்? எழுந்து நின்றேன். அவ்வளவுதான் செய்தேன். அந்தக் காதிலிருந்து இரண்டு நாள் ரத்தமும் நீரும் வந்தது. அக்கா ஊரெல்லாம் ஜலதோஷம் என்று சொன்னாள். என்னிடமும் அதையே சொன்னாள், நானும் அதை நம்பத் தயாராக இருந்தேன்.

அதற்கப்புறம்தான் அவள் அந்தக் குச்சியைக் கையில் எடுத்தாள். சாண் நீளத்துக்குக் கெட்டியான மரக்குச்சி. ஒரு முனையைப் பியானோவின் உள்பலகையில் ஊன்றி, மறுமுனையை முன்பற்களால் கடித்துக்கொண்டு வேலை செய்வாள். பலகையின் அதிர்வு குச்சி வழியாகப் பல்லுக்கும், பல் வழியாக மண்டைக்கும் போகும் என்றாள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. "எங்கக்காவுக்குக் காதே தேவையில்ல, பல்லாலயே கேப்பா!" என்று டீக்கடையில் நின்று பீற்றிக்கொண்டேன். காது போனதால்தான் ஒருத்தி பல்லால் கேட்கிறாள் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கிற வழக்கம் எனக்கு இல்லை.

கொஞ்ச நாளில் மாமா மெஷின் வாங்கினார். உள்ளங்கை அளவு பெட்டி. கட்டையைத் தட்டினால் கம்பி ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று முள் காட்டும். சரியாக நின்றால் பச்சை விளக்கு எரியும்.

"இனிமே காது எதுக்கு மச்சான்? கண்ணு இருந்தாப் போதும். பச்சை எரிஞ்சா முடிஞ்சுது வேலை" என்றார்.

"ஆடத் தெரியாதவன் மேடை கோணல்னானாம்" என்று முணுமுணுத்தேன். சத்தமாக இல்லை.

பத்து நாள் கழித்து அக்காவின் வேலைப்பையில் ஆணி தேடியபோது, அடியில் துணியில் சுற்றி அதே மாதிரி ஒரு மெஷின் இருந்தது. ரத்தம் தலைக்கேறிவிட்டது. அவளை அவமானப்படுத்த மாமாதான் பைக்குள் போட்டிருக்கிறார் என்று நானே முடிவு கட்டினேன். அவர் முகத்தில் கைவைக்கத் தைரியம் இல்லாதவனுக்கு அவர் மெஷின் கிடைத்தது. பட்டறை முற்றத்துக்கு எடுத்துப் போய், எல்லா ஆட்களும் பார்க்கத் தரையில் வைத்து, பியானோ ஏற்றுகிற தள்ளுவண்டியின் இரும்புச் சக்கரத்தை மேலே ஏற்றினேன். போதவில்லை. சுத்தியலை எடுத்து அது பொடியாகும்வரை அடித்தேன்.

"எங்கக்கா காதுக்கு முன்னாடி இதெல்லாம் எம்மாத்திரம்!" என்று கத்தினேன். பாலிஷ் போடுகிறவன் விசில் அடித்தான்.

மாமா படியில் நின்று சிரித்தார். சட்டைப்பையில் கைவிட்டுத் தன் மெஷினை எடுத்துக் காட்டினார்.

"என்னோடது இங்க இருக்கு மச்சான். அது யாரோடது?"

அக்கா வாசலில் நின்றிருந்தாள். முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. மாமா அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அன்று சாயங்காலம் உள்ளறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு இடுப்புப் பட்டையால் அடித்தார். நான் முற்றத்தில் உடைந்த துண்டுகளைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். குரங்கு கையில் பூமாலை என்பார்களே, அந்தக் குரங்கு நான்தான்.

மறுநாள் காலை வண்டியில் போகும்போது அக்கா வாயைத் திறந்தாள். உட்காரும்போதே இடம் மாறி, வலது காது என் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தாள்.

"இடது காது போச்சுடா. சவ்வு கிழிஞ்சது கிழிஞ்சதுதான்னு டாக்டர் சொல்லிட்டார். அது போனாக்கூடப் பரவாயில்ல. மண்டைக்குள்ள ராத்திரி பகல் ஒரு விசில் அடிக்குது. கீச்சுன்னு ஒலிக்கிற மேல் பக்கத்துக் கட்டைங்க இருக்குல்ல, அந்தச் சுருதியிலயே அடிக்குது. கம்பி கத்துதா, மண்டை கத்துதான்னு தெரியல. கீழ்க்கட்டை, நடுக்கட்டை எல்லாம் வலது காதுல பார்த்துக்குவேன். மேல இருக்கறதுக்குத்தான் அந்த மெஷின். என் வளையலைக் கொடுத்து வாங்கினேன்."

"ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ என்ன பண்ணுவே? யாரையாவது போய் அடிப்பே."

அப்புறம் மிச்சத்தையும் சொன்னாள். இசைக் கல்லூரியில் முப்பத்தேழு பியானோக்கள். அவற்றைப் பார்த்துக்கொள்ள நிரந்தரமாக ஓர் ஆள் வேண்டும் என்று முதல்வரம்மா தேடிக்கொண்டிருந்தார். வேலையோடு கல்லூரிக்குப் பின்னால் தங்க ஓர் அறையும் உண்டு. வாசலில் காவல் உண்டு. அந்த அறைக்குப் போய்விட்டால் மாமா கை எட்டாது. வெள்ளிக்கிழமை கல்லூரி அரங்கில் இரண்டு பியானோக்களைச் சேர்த்து வாசிக்கிற கச்சேரி. அன்று இரண்டையும் பொருத்தமாகச் சேர்த்துக் கொடுத்தால் வேலை அவளுக்கு. மாமா எப்படியோ மோப்பம் பிடித்து, பட்டறை சார்பில் தானும் வருவதாக முதல்வரம்மாவிடம் சொல்லி வைத்திருந்தார். அவருக்கு வேலை கிடைப்பது முக்கியம் இல்லை. இவளுக்குக் கிடைக்கக் கூடாது.

"மெஷின் இருந்திருந்தா கண்ணை மூடிட்டுச் செஞ்சிருப்பேன். இப்ப குச்சிதான் கதி" என்றாள். என் மேல் கோபப்படக்கூட இல்லை. அதுதான் என்னை அதிகம் சுட்டது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. மேடையில் இரண்டு பியானோ, ஒன்று பழசு, ஒன்று புதுசு. முதல்வரம்மா பழையதை மாமாவுக்கும் புதியதை அக்காவுக்கும் ஒதுக்கினார். வாசிக்கப் போகிற இரண்டு பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்து காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். நான் புதியதைத் தள்ளி நிறுத்திவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் நின்றேன்.

அக்கா முதலில் பழையதைத் தட்டிப் பார்த்தாள். "இதோட சுருதி பல வருஷமா இறங்கியே நிக்குது. கம்பியெல்லாம் துருப் பிடிச்சிருக்கு. ஒரே நாள்ல மேல ஏத்தினா அறுந்துடும். இதை இருக்கற இடத்துலயே சரிபண்ணுங்க. நான் புதுசைக் கீழ இறக்கி இதோட சேர்த்துடறேன்" என்றாள், எல்லோருக்கும் கேட்க.

"மெஷின்ல அளவு இருக்கு. ரெண்டும் அந்த அளவுல நின்னா ரெண்டும் ஒண்ணாத்தான் நிக்கும். உனக்கு எதுக்கு இந்த வியாக்கியானம்?" என்றார் மாமா.

"அளவு சரிதாங்க. கம்பி தாங்காதுன்னு சொல்றேன்."

"நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. நாலு மணிக்கு வரேன்" என்று முதல்வரம்மா போய்விட்டார். மாமா முள்ளைப் பார்த்துக்கொண்டே திருக ஆரம்பித்தார். அக்கா குச்சியைக் கடித்துக்கொண்டு புதியதற்குள் குனிந்தாள்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். பழையதிலிருந்து முதலில் ஒரு முனகல் வந்தது. மாமா இன்னும் கால் திருகு திருகினார். துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். அறுந்த கம்பி சுருண்டு எழும்பி, அவர் உதட்டிலிருந்து காது மடல்வரை ஒரே இழுப்பாகக் கிழித்தது. சட்டைக் காலர் நொடியில் சிவந்தது. அவர் கன்னத்தைப் பொத்திக்கொண்டு நின்றார்.

முன்வரிசைப் பெண்களில் ஒருத்தி சும்மா இருந்திருக்கலாம். "அவங்கதான் தாங்காதுன்னு சொன்னாங்களே சார்" என்றாள்.

மாமா அக்காவைப் பார்த்து நடந்தார். அவர் வந்தது அவளுடைய இடது பக்கம். அந்தப் பக்கத்திலிருந்து யானை வந்தாலும் அவளுக்குக் கேட்காது. பெண்கள் கத்தினார்கள், அதுவும் அவளுக்குத் தாமதமாகத்தான் கேட்டது. குச்சி பல்லில் இருக்க, அவள் தலையை நிமிர்த்தினாள். பலகையிலிருந்து விலகிய முனையில் அவர் உள்ளங்கையால் ஓங்கி அடித்தார்.

மேல்வரிசையில் இரண்டு பல் உடைந்து, ஒன்று கட்டைகள் மேல் விழுந்து உருண்டது. குச்சி அண்ணத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. அக்கா அதைத் தானே பிடுங்கி எறிந்தாள். வெள்ளைக் கட்டைகள் மேல் ரத்தம் கொட்டியது. அவள் கத்தவில்லை. கத்த வாய் இல்லை.

இந்தத் தடவை நான் எழுந்து நின்றதோடு விடவில்லை. மாமாவின் இடுப்புப் பட்டையைப் பிடித்து, பியானோவைத் தூக்குகிற அதே பிடியில் தூக்கி, மேடையில் அறைந்தேன். மூக்கு உடைகிற சத்தம் கேட்டது. மார்பில் ஏறி உட்கார்ந்து, கிழிந்த கன்னத்திலேயே குத்தினேன். 'விடு மச்சான், விடு மச்சான்' என்றார். மச்சான் என்ற வார்த்தை கேட்கக் கேட்க இன்னும் வெறி ஏறியது. அவர் வலது கையை இழுத்துக் கட்டைகள் மேல் வைத்து, மூடியை ஓங்கிச் சாத்தினேன். திறந்து மறுபடி சாத்தினேன். மூன்றாவது தடவை அவர் கத்தவே இல்லை, மயங்கிவிட்டிருந்தார். எனக்கு அது பிடித்திருந்தது. அத்தனை வருடப் பூனை வாழ்க்கைக்கு வட்டியும் முதலுமாகத் தீர்த்துக்கொண்டேன். இன்றைக்கும் அதை மறைக்க மாட்டேன்.

பிறகு பழைய பியானோ மேலிருந்த அவருடைய மெஷின் கண்ணில் பட்டது. அதன் முள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அதை எடுத்துத் தலைக்கு மேல் ஓங்கினேன்.

பின்னாலிருந்து என் முடி வேரோடு இழுபட்டது. அக்கா. முகத்தில் கீழ்ப்பாதி முழுக்க ரத்தம்.

"கீழ வை. அதை உடைச்சே, உன்னைக் கொன்னுடுவேன்." பல் இல்லாத இடத்தில் காற்று சீறியது.

"அக்கா, உன் பல்லு..."

"நான் அடி வாங்கினதுக்கா நீ அடிச்சே? என் காது போனன்னைக்கு நீ அங்கதான் இருந்தே. உனக்கு அடிக்கணும்னு இருந்தது. அடிச்சுக்கிட்டே. நான் கேட்டேனா?" ஒவ்வொரு வார்த்தைக்கும் ரத்தத்தைத் துப்பினாள். "மெஷினைக் கொடு."

கொடுத்தேன். பத்து நிமிடத்தில் போலீஸ் வந்தது. மாமாவை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள், என்னை ஜீப்பில். எனக்கு விலங்கு மாட்டிக்கொண்டிருந்தபோது முதல்வரம்மா அக்காவிடம் சொன்னார், "ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா. கச்சேரியை இன்னொரு நாள் வச்சுக்கலாம்."

அக்கா வாய்க்குள் துணியைத் திணித்துக்கொண்டிருந்தாள். அதை எடுத்துவிட்டுச் சொன்னாள்: "இன்னொரு நாள் எனக்கு இல்லைங்க. கீழயும் நடுவுலயும் என் வலது காது போதும். மேல இருக்கறதை இது பார்த்துக்கும். பாருங்க, அளவை இறக்குன்னா இறக்குது. சொன்ன பேச்சைக் கேக்குது." புறங்கையால் கட்டைகளைத் துடைத்தாள். "அறுந்த கம்பியை மாத்திட்டு ரெண்டையும் நானே சேர்த்துடறேன். நாலு மணிக்கு வாங்க."

காதா மெஷினா என்று நானும் மாமாவும் மாறி மாறிக் கட்சி கட்டிக்கொண்டிருந்தோம். அவளுக்குக் காதும் ஒரு சாமான், குச்சியும் ஒரு சாமான், மெஷினும் ஒரு சாமான். எதைக் கொண்டாவது அந்த அறைக்குப் போய்ச் சேரவேண்டும், அவ்வளவே.

நான் ஏழு மாதம் உள்ளே இருந்தேன். அக்கா ஒருமுறைகூட வந்து பார்க்கவில்லை. கச்சேரி நடந்தது, வேலை அவளுக்குக் கிடைத்தது, அன்றைக்கே அந்த அறைக்குக் குடி போய்விட்டாள் என்பதெல்லாம் பட்டறை ஆள் ஒருவன் வந்து சொன்னது. மாமாவுக்கு வலது கையில் மூன்று விரல் மடங்கியபடியே நின்றுவிட்டதாம். இழைப்புளி பிடிக்க முடியாதாம். பட்டறையை மூடிவிட்டாராம்.

வெளியே வந்ததும் நேரே கல்லூரி வாசலுக்குப் போனேன். காவல்காரர் ஒரு நோட்டைத் திறந்து வைத்திருந்தார். யாரைப் பார்க்கவேண்டும் என்று கேட்டார். சொன்னேன்.

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"தம்பி."

அவர் விரல் நோட்டின் மேல் போய் நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ரெண்டு பேரை உள்ள விடக் கூடாதுன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. ஒண்ணு வீட்டுக்காரர், ஒண்ணு தம்பி."

"நான்தாங்க அவளைக் காப்பாத்தினவன். தப்பா எழுதியிருப்பீங்க. ஒருதடவை கேட்டுட்டு வாங்க."

"கேட்டாச்சு தம்பி. உங்களுக்கு விடுதலைன்னு தெரிஞ்சதும் போன வாரமே வந்து மறுபடி சொல்லிட்டுப் போனாங்க. வீட்டுக்காரர் வந்தாக்கூட நீங்க சமாளிச்சுடுவீங்க, அவருக்குக் கை போயிடுச்சு, தம்பி விஷயத்துலதான் ஜாக்கிரதையா இருங்கன்னாங்க. அவனுக்கு ரெண்டு கையும் நல்லா இருக்குன்னாங்க."

அவர் எழுந்து, நாற்காலியை இழுத்து வாசலுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தார். என் எடையில் பாதிகூட இருக்கமாட்டார். தடியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். நான் திரும்பி நடந்தேன்.